மாமனாருக்குப் பதினோரு கடிதங்கள்

பொம்மிடி ஸ்டேஷனில் நான் கூட்ஸ் குமாஸ்தா. சுற்றுப்பட்டில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். முக்கால் காகிதத்துக்கு வந்தனமும் க்ஷேம விசாரிப்பும் போட்டு, இடம் தீரப்போகும்போது விஷயத்தை லேசாகத் தொடுவேன். அதுதான் எழுத்து என்று ஊர் நம்பியது. நான் ஊரைவிட அதிகமாக நம்பினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் என் மனைவி தங்கம்மாள் பிரசவத்துக்காக நல்லம்பள்ளிக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. பெயர் வைத்த அன்று போய்ப் பார்த்ததுதான். யுத்த காலம், அப்புறம் லீவே கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் திரும்ப வேண்டியவள் ஆறாம் மாதமாகியும் வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, பதினோரு கடிதம் போட்டேன். எல்லாம் மாமனார் கிருஷ்ணப்பனுக்கு. பெண்டாட்டிக்கு நேராக எழுதுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மழை நிலவரம், ராகி விளைச்சல், அவருடைய முழங்கால் வலி எல்லாம் விசாரித்து, கடைசியில் ‘மற்றும் அங்குள்ள யாவரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்று முடிப்பேன். அந்த ‘யாவரும்’தான் தங்கம்மாள்.

ஒருநாள் தபால் கார்டு வந்தது. அவள் கையெழுத்து.

‘நீங்கள் எழுதும் கடுதாசிகளால் எங்கப்பா ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். வேண்டுமானால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு இதுவரை கடுதாசி எதுவும் வரவில்லை. வந்தால் யோசிக்கிறேன்.’

ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் குப்புராஜ் அதைப் படித்துக்காட்டச் சொன்னான். அவனுக்கு எழுத்து தெரியாது. கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“கார்டை எடுங்க, எழுதுங்க. நான் கேக்கறேன்.”

‘சகல சௌபாக்கியங்களும் பொருந்திய சிரஞ்சீவி தங்கம்மாளுக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம்...’

“யாவரும்னா யாருங்க? வூட்ல நீங்க ஒருத்தர்தான?”

அந்தச் சொல்லை அடித்தேன்.

“க்ஷேமமா இருக்கீங்களா?”

“இல்லடா.”

“அப்பறம் எதுக்குங்க பொய்யி? அவங்க ‘நல்லாத்தான் இருக்காரு, கெடக்கட்டும்’னு இருந்துக்குவாங்க.”

அதையும் அடித்தேன். பருவமழை பற்றிய இரண்டு வரியை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “அங்கயும் அதே மழைதானுங்க.” அதுவும், தலைப்பில் இருந்த சௌபாக்கியமும் ஆசீர்வாதமும் போயின. என் வாழ்நாள் கல்வியில் மிஞ்சியது ‘தங்கம்மாளுக்கு’ மட்டும்.

“இப்ப என்னங்க வேணும் உங்களுக்கு?”

“அவ வரணும்.”

“அத எழுதுங்களேன்!”

எழுதினேன். கலெக்டருக்கு எழுதிய மனுவுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆனதில்லை.

‘தங்கம், நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. சோறு தினமும் குழைகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வராத ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை சிரிக்கிறதா? உனக்கு நேராக எழுதாதது என் தப்பு. வெள்ளிக்கிழமை வருகிறேன். என்னோடு வா.’

“இவ்வளவுதானா?” என்றேன், அம்மணமாக நிற்பதுபோல.

“இது கடுதாசி,” என்றான் குப்புராஜ்.

வெள்ளிக்கிழமை, பெட்ரோல் கிடைக்காததால் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ் இரண்டு இடத்தில் நின்று, இறங்கித் தள்ளச் சொல்லி, ஒருவழியாக என்னை நல்லம்பள்ளியில் சேர்த்தது. முகமெல்லாம் கரி. மாமனார் என்னைப் பார்த்ததும், “வாங்க மாப்ள,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார்.

“கோவமா?” என்று தங்கம்மாளிடம் கேட்டேன்.

“கோவமில்லீங்க, வெக்கம். உங்க கார்டு வந்ததும் அப்பா வழக்கம்போல எல்லாரையும் உக்கார வச்சு சத்தமாப் படிக்க ஆரம்பிச்சாரு. ‘நீ இல்லாமல்’னு வந்ததும் நிறுத்திட்டு, கார்டை எங்கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போனவருதான். மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்கல.”

“நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

அவள் முந்தானையால் என் முகத்துக் கரியை அழுத்தித் துடைத்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியை எடுத்துவர உள்ளே போனாள்.