சிரிலோ பபிலோனியாவின் காயங்கள் இடம் மாறிய விவரம்

நிக்கானோர் மேசொனெத்தின் இடது காலில் இல்லாமல் போன இரண்டு விரல்களும் சிரிலோ பபிலோனியாவுடையவை. 1953ஆம் வருடம் ஜனவரி ஆறாம் தேதி, குழந்தை இயேசுவைத் தேடிவந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று காலையில், நிக்கானோர் தன் அம்மா வீட்டில் கண்விழித்தபோது கால் அப்படித்தான் இருந்தது. ரத்தம் இல்லை, சீழ் இல்லை. கடுங்குளிரில் கருகி, யாரோ ஒரு ராணுவ வைத்தியர் வெட்டியெடுத்து, ஒரு வருடமாக ஆறிப்போன தழும்பு மட்டும் இருந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு குண்டுச் சில்லும் இருந்தது. விரலால் அழுத்தினால் பட்டாணி போலத் தட்டுப்பட்டது. எங்கள் ஊரான சான் எலோய் போர்ட்டோ ரிக்கோத் தீவின் நடுமலையில் இருக்கிறது. அங்கே பனி பெய்ததாக எந்தக் காலத்திலும் பதிவு இல்லை. அன்று பன்றிக்கறி பவுண்டு முப்பத்திரண்டு சென்ட்டுக்கு விற்றது.

நடந்தது இதுதான். கொரிய யுத்தத்தின்போது ஊரிலிருந்து அமெரிக்கப் பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர், நிக்கானோரும் சிரிலோவும். கொரியாவுக்குக் கப்பலேற வேண்டியவர்களின் பட்டியல் முகாமில் ஒட்டப்பட்டபோது இரண்டு பெயரும் அதில் இருந்தன. நிக்கானோரின் அம்மா மூன்று ராஜாக்களிடம் வேண்டிக்கொண்டாள்: என் மகன் கப்பலேறாமல் இருந்தால், உயிருள்ளவரை வருடா வருடம் உங்கள் திருநாளுக்கு முந்தின நாள் ஒன்பது வீட்டு வாசலில் நின்று உங்கள் பாட்டைப் பாடுவான். நிக்கானோருக்குத் தட்டச்சு தெரியும் என்பது யாருக்கோ ஞாபகம் வந்து, அவர் பெயரில் கோடு விழுந்தது. முகாம் அலுவலகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். சிரிலோவுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவர் கப்பலேறினார். ஒரு வருடம் இரண்டு மாதம் பதினோரு நாள் கழித்து, இரண்டு விரல் குறைந்து, முதுகில் ஒரு சில்லோடு திரும்பி வந்தார். அவருக்கு விடுவிப்புப் பத்திரம் கொடுக்கவேண்டிய நாள் ஜனவரி ஐந்து. அன்று நிக்கானோர் நாற்பது பத்திரம் அடிக்க வேண்டியிருந்தது. மலைக்குப் போகும் கடைசி வாடகைக் கார் பகல் இரண்டு மணிக்கு. முப்பத்தொன்பது முடிந்தன. நாற்பதாவது சிரிலோவுடையது. அவருடைய வெளிநாட்டுச் சேவை விவரம் ஒரு தாளிலும் பதக்க உத்தரவு இன்னொரு தாளிலும் அப்போதுதான் வந்திருந்தன. படித்துப் பார்த்து அடிக்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். நிக்கானோர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளிநாட்டுச் சேவை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்தார். பதக்கங்கள் என்ற கட்டத்திலும் ‘இல்லை’ என்று அடித்தார். திருநாள் முடிந்து வந்து சரிசெய்துவிடலாம் என்று இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போருக்கு அனுப்பாமல் காப்பாற்றியதற்கு நன்றிப் பாட்டுப் பாடுவதற்காக, போருக்குப் போனவருடைய போரை அழித்துவிட்டுக் கார் பிடித்தார்.

மாலை ஐந்து மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டார். பத்திரப்படி சிரிலோ இந்தத் தீவைவிட்டு எங்கும் போனதில்லை. போகாத இடத்தில் பட்ட காயம் உடம்பில் எப்படி இருக்கும்? அது கிளம்பி, அந்த இரண்டு தாளும் யார் சட்டைப் பையில் இருந்தனவோ அவர் உடம்புக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் முகாமில் பூட்ஸ் மாட்டப்போன சிரிலோ தன் விரல்களை எண்ணினார். பத்து இருந்தன. மறுபடியும் எண்ணினார்.

நிக்கானோர் பத்து நாள் கழித்து முகாமுக்கு நொண்டிக்கொண்டு போனபோது, ராணுவ வைத்தியர் அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயில் தேசத்தைத் தாண்டாதவனுக்குப் பனியில் கருகிய காலா என்று தலையைச் சொறிந்து, கடைசியில் ‘பிறவிக் குறை’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பத்திரத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேப்டனிடம் அன்றே கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் ஊரில் ஒரு காரியம் நடந்துவிட்டது. நொண்டிக்கொண்டு வந்த பட்டாளத்துக்காரரைப் பார்த்ததும் மேயர் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். நாங்கள் எதையும் கேட்கவில்லை. அவரும் எதையும் சொல்லவில்லை. கதையை நாங்களே கட்டிக்கொண்டோம். இருபத்துநான்கு வயதில் அவரை ‘டான் நிக்கானோர்’ என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தோம். நகராட்சியில் எழுத்தர் வேலை தேடி வந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வாரம் வர நாற்பத்தைந்து வருடம் ஆனது.

அம்மாவின் நேர்த்திக்கடனை மட்டும் அவர் ஒரு வருடம்கூடத் தவறவிடவில்லை. கித்தாரோடு ஒன்பது வீட்டு வாசலிலும் நின்று பாடுவார். போரிலிருந்து திரும்பி வந்ததற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து எங்கள் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒன்பதாவது வீடு சிரிலோவுடையது. அந்த வாசலில் மட்டும் அவருக்குக் குரல் எழும்பாது. சிரிலோதான் சேர்ந்து பாடி முடித்துவைப்பார்.

சிரிலோவை நாங்கள் நடத்திய விதத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வந்த புதிதில் அவர் குன்றுகளின் பெயரையும், குளிரில் துப்பாக்கிக் குழாயில் ஒட்டிக்கொண்டு உரியும் உள்ளங்கைத் தோலையும் பற்றிச் சொன்னார். சட்டையைக் கழற்று பார்ப்போம் என்றோம். முதுகு வழவழவென்று இருந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பட்டப்பெயரே ‘கொரியா’ என்று ஆகிவிட்டது. “ஏ கொரியா, பனி எப்படிய்யா இருக்கும்? ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்தியா?” என்று மதுக்கடையில் கேட்போம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 1955இல் பக்கத்து ஊரிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மொன்செராத்தே நல்ல பெண்மணி, அவளும் நம்பவில்லை. சண்டை போடமாட்டாள். அவர் சொல்லத் தொடங்கினால், குழந்தையின் கனவைக் கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டே அடுப்பு வேலையைப் பார்ப்பாள். ஊர் சிரித்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவரை வாட்டியது. கொஞ்ச காலத்தில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். 1975இல் ஒருமுறை பாதிரியாரைக் கொண்டு மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பழைய பதிவேடுகள் இருந்த கட்டடம் எரிந்துபோய்விட்டது, வேறு அத்தாட்சி இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தது. அத்தாட்சி நிக்கானோர் வீட்டில், மரத்தில் செதுக்கிய மூன்று ராஜாக்களின் பொம்மைகளுக்கு அடியில், இரண்டாக மடித்தபடி இருந்தது.

1998இல் நகராட்சி, கடல் கடந்து போரிட்டவர்களுக்காகச் சதுக்கத்தில் ஒரு சுவர் எழுப்பியது. முதல் பெயராக நிக்கானோருடையதைப் பொறித்தார்கள். திறப்பு விழாவுக்கு அவரையே துணியை விலக்கச் சொன்னார்கள். அவர் கயிற்றைப் பிடித்தார், இழுக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சிரிலோவின் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே ஏறினார். மொன்செராத்தே மேசையில் அவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிலோ, உன் காயம் எங்கிட்ட இருக்குய்யா,” என்றார்.

“தெரியும். உக்காரு, காப்பி ஆறுது.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“அறுபத்தொண்ணுல. ஆத்துல குளிக்கறப்ப உன் காலப் பாத்தேன். என் விரலை வெட்டறப்ப நான்தானேய்யா கூட இருந்தேன்? எனக்குத் தெரியாதா அந்த வெட்டு?”

“அப்பவே ஏன் கேக்கல? ஊரே உன்னைப் பொய்யன்னு சிரிச்சுதே!”

“வலியைத் திருப்பிக் குடுன்னு கேக்கறவன் உலகத்துல உண்டா? எனக்கு அஞ்சு புள்ளைங்க. அந்தச் சரிவுல நின்னு காப்பிப் பழம் பறிக்கணும்னா பத்து விரலும் வேணும். புள்ளைங்க தலையெடுக்கற வரைக்கும் அவனே சுமக்கட்டும்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு தடவை மனசு கேக்காம பாதிரியார விட்டு எழுதிப் பாத்தேன், அதுவும் நடக்கல. நீ பேரை எடுத்துக்கிட்ட, நான் காலை எடுத்துக்கிட்டேன். நீ மட்டும்தான் திருடன்னு நெனச்சுப் பெருமைப்படாதே.”

நிக்கானோர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். சிரிலோ அவர் முதுகில், சில்லு இருந்த இடத்தில் பார்த்துத் தட்டிக்கொடுத்தார். “இப்பக் குடுத்துடு. புள்ளைங்க பெரியவங்களாயிட்டாங்க. ஊரு நம்புதோ இல்லையோ, இவ ஒருத்தி நம்பினாப் போதும் எனக்கு,” என்று மனைவியைக் காட்டினார். மொன்செராத்தே அவரைக்காயை உதறிக்கொண்டு எழுந்தாள். “ரெண்டு கிழவனுக்கும் வெயில் தலைக்கேறிடுச்சு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நிக்கானோர் பொய்யாக அடித்ததை ஒப்புக்கொள்ளும் சத்தியப் பத்திரத்தை எழுதிய வக்கீலம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்துப் போட்டா நீங்க குத்தவாளி, தெரியுமா டான் நிக்கானோர்?” என்று கேட்டாள். “நாப்பத்தஞ்சு வருசமாத் தெரியும்மா,” என்றார் அவர். இரண்டு தாளையும் சேர்த்து, ராணுவப் பதிவுகளைத் திருத்தும் குழுவுக்குத் தபாலில் அனுப்பினார்கள். திரும்பும் வழியில்தான் நிக்கானோருக்கு உறைத்தது. அவரை வருடா வருடம் பார்க்கும் வைத்தியர் ஒருமுறை சொல்லியிருந்தார்: சில்லு நுரையீரலை ஒட்டி இருக்கிறது, உங்கள் உடம்பு சின்ன வயதிலிருந்து பழகிவிட்டது, இதையே இன்னொரு கிழவனுக்குள் இன்றைக்குப் போட்டால் ஒரு மாதம் தாங்கமாட்டான். இதைச் சிரிலோவிடம் சொன்னார். “என்னுதுதானே,” என்று மட்டும் சிரிலோ சொன்னார். அதன் பிறகு பத்தொன்பது மாதம், தபால்காரி தெருவில் திரும்பும்போதெல்லாம் கடிதம் வரக்கூடாதே என்று நிக்கானோர் வேண்டிக்கொண்டார். சிரிலோவின் உயிருக்காக வேண்டுகிறோமா, தன் பெயருக்காக வேண்டுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது குறுகுறுத்துக் குறுகுறுத்து நல்ல எண்ணத்தைக்கூட நம்பாத நிலைக்கு வந்திருந்தது.

1999 அக்டோபரில், காப்பி பழுத்திருந்த சமயம், கடிதம் வந்தது. சிரிலோ நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிக்கானோரை வரவழைத்தார். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தும், அன்றைக்குத் தட்டச்சு அடித்தவர்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நிக்கானோர் நின்றுகொண்டு படித்தார். வெளிநாட்டுச் சேவை, கொரியா, ஒரு வருடம் இரண்டு மாதம் பதினோரு நாள். அந்த வரி முடிந்ததும் அவருடைய இடது பூட்ஸ் இறுகியது. உள்ளே இரண்டு விரல்கள் வந்து சேர்ந்திருந்தன. சிரிலோ பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்தார். அடுத்த வரி, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் ஊதா நிற இதயப் பதக்கத்தைப் பற்றியது. நிக்கானோர் கடிதத்தை மடிக்கப் பார்த்தார்.

“அவ்வளவுதான்,” என்றார்.

“யோவ், எனக்கு எழுத்துதான் தெரியாது. தாள்ல இன்னும் மை இருக்கறது கண்ணுக்குத் தெரியுது. படி.”

“வேணாம்யா சிரிலோ. இதை நானே வெச்சுக்கறேன். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஒரு தடவை என்னுதை நீ வெச்சுக்கிட்டது போதும். படிடா.”

நிக்கானோர் படித்தார். சிரிலோவின் வாயிலிருந்து காற்று மொத்தமும் வெளியேறியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தார். மொன்செராத்தே ஓடிவந்து அவர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றினாள். இடது காலை மடியில் வைத்துக்கொண்டு விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மூன்றுதான் இருந்தன. விரல் இல்லாத இடத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“நாப்பத்திநாலு வருசம் உன்னைப் பாத்துச் சிரிச்சேனே, பாவி,” என்றாள். “வலிக்குதா?”

“வலிக்குது,” என்றார் சிரிலோ. அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அவர் இருபத்துமூன்று நாள் இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் வரிசையாகப் போய் அவரைப் பார்த்தோம். அவர் ஒவ்வொருவருக்கும் பனி எப்படி இருக்கும் என்று சொன்னார், நாங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். சதுக்கத்துச் சுவரில் கொத்தனார் ஒரு பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு இன்னொன்றைப் பொறித்தார். நிக்கானோரை யாரும் திட்டவில்லை. திட்ட எங்களில் யாருக்கு வாய் இருந்தது? இறுதி ஊர்வலத்தில் சிரிலோவின் சவப்பெட்டியின் முன்பக்கத்தை நிக்கானோர் தோளில் வாங்கிக்கொண்டு மேட்டுக் கல்லறைவரை மாற்று ஆளில்லாமல் நிமிர்ந்து நடந்தார். நொண்டவில்லை. அதை எல்லாரும் பார்த்தோம், வழிவிட்டு ஒதுங்கினோம். தலைநகரிலிருந்து வந்த இரண்டு இளம் சிப்பாய்கள் கொடியை மடித்து மொன்செராத்தேயிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக நிக்கானோரிடம் வந்தாள்.

“நாளைக்குக் காலையில வந்துடுங்க. சரிவுல பழம் அப்படியே நிக்குது. உங்களுக்குத்தான் பத்து விரலும் இருக்கே.”

அவர் மறுநாள் போனார். எழுபது வயதில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தவர் பதினொரு அறுவடை பறித்தார். மழை பெய்து செம்மண் குழைந்த நாட்களிலும், இளவட்டங்களே உருண்டு விழுந்த இடத்திலும், அவர் கால் ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஒருமுறையாவது வழுக்கியிருக்கலாம் என்று அவர் பாதிரியாரிடம் சொல்லி அழுதாராம்.