மனுதாரர் தரப்பில்

கிளாடிஸ் அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பொத்தான் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. பதினொன்றுக்கு லஸ் பக்கத்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீசில் அப்பாவின் மனு விசாரணைக்கு வருகிறது. போன தடவை இருமலில் படுத்துவிட்டதால் அவர் போகவில்லை. இன்றும் மனுதாரர் தரப்பில் யாரும் இல்லையென்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். மனுதாரர் விடியற்காலை நாலரைக்கே கண்ணை மூடிவிட்டார் என்பது ஆபீஸ் காகிதக் கட்டுக்குத் தெரியுமா?

"அத்தை, நான் ஆபீசுக்குப் போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடறேன்."

செத்தவரின் தங்கை மர்சலின் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். "பொணத்தைப் போட்டுட்டு ஆபீசா? சனங்க இன்னா பேசுவாங்க?"

"நாலு மணிக்குத்தானே எடுக்கறோம்."

"உங்கப்பன் பிடிவாதம் அப்படியே கீது உன்கிட்ட."

கிளாடிஸோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆலிஸ் காலையிலேயே வந்திருந்தாள். அவள்தான் கிளாடிஸின் கையைப் பிடித்து, "நீ போய்ட்டு வா. நான் நைனா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள்.

கிளாடிஸின் அப்பா ஞானதாஸ் வாத்தியார் சாந்தோமில் இருபத்தொன்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு கொடுத்தபோது, முதல் எட்டு வருஷம் தற்காலிக வேலை என்று சொல்லி, ஓய்வுப் பணத்தில் நிர்வாகம் அதைக் கழித்துவிட்டது. கணக்கு வாத்தியாரிடமே கழித்தல் கணக்கா? மனுஷன் நேரே ஆசிரியர் சங்கத்துக்குப் போய்விட்டார். நிர்வாகமும் பிடிவாதத்தில் அவருக்குக் குறைந்ததல்ல. 'தனியாக வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம், சங்கத்து ஆள் கூடாது' என்றது. மூன்று வருஷமாக அவர் தனியாகப் போகவே இல்லை. அதே நிர்வாகத்தின் பெண்கள் பள்ளியில்தான் கிளாடிஸ் டீச்சராக வேலை பார்த்தாள். தானும் சங்கத்தில் சேரப்போவதாக அவள் சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற காலம் அது. "வீட்டுக்கு ஒரு தலை போதும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆபீஸ் வாசலில் சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் காகிதக் கட்டோடு நின்றிருந்தார். "என்னம்மா நீங்க வந்திருக்கேள்? அவருக்கு மறுபடியும் இருமலா?"

"விடிகாலைல போயிட்டார் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மறுபடியும் துடைத்தார். "ஆத்துல யார் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே நிர்வாகத்துக்காக வந்திருந்த மானேஜர் காஸ்பர், செய்தி கேட்டு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். பொய்த் துக்கமில்லை, கிளாடிஸின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்தான். ஆனால் உட்கார்ந்ததும் மானேஜர் ஆகிவிட்டார்.

"சார், சங்கம் தன்னோட அங்கத்தினருக்காகத்தான் பேசலாம். அங்கத்தினர் இப்ப உயிரோட இல்ல. இனிமே வாரிசு இந்தப் பொண்ணு. அவ தனியா பேசட்டும், கேக்கறதுல பாதியை இன்னைக்கே எழுதிக் குடுத்துடறோம். செயலாளர் வெளியே இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அவர் சொல்றது சரிதான். நீங்க சங்கத்துல இருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க."

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். காஸ்பர் இவள் பக்கம் குனிந்து, "கையெழுத்துப் போட்டுட்டுப் போய் அப்பாவை நல்லபடியா அடக்கம் பண்ணும்மா. நாளன்னிக்கு நீயும் வேலைக்கு வரணும்ல" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை அது. அக்கறையாகத்தான் சொன்னார்.  அம்மா போய்ப் பதினோரு வருஷம். அப்பா இன்று போய்விட்டார். இந்த வேலையும் போனால் காலையில் எழுந்து போக ஓர் இடம்கூட இருக்காது. பயந்தாள், நன்றாகவே பயந்தாள்.

செயலாளர் கதவுவரை போய்விட்டார்.

"சார், சங்கத்துல சேர என்ன கட்டணும்?"

அவர் திரும்பினார். "நாலணா. ஆனா, உங்கப்பா வேண்டாம்னு சொல்லிண்டிருந்தாரே..."

"தெரியும் சார். பாரத்தைக் குடுங்க."

பெயர், பள்ளி, சேர்ந்த வருஷம் எல்லாவற்றையும் அந்த மேஜையிலேயே வைத்து எழுதினாள். பள்ளியின் பெயரை எழுதும்போது காஸ்பர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, செயலாளரை உட்காரச் சொன்னார். மனுதாரர் தரப்பில் சங்கம் ஆஜர் என்று மனுக் காகிதத்தில் எழுதினார். மூன்று வருஷம் ஞானதாஸ் வாத்தியார் கேட்ட ஒரே வரி அதுதான். பிறகு, துக்கத்தை முன்னிட்டு விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

கிளாடிஸ் ரிக்‌ஷா பிடித்து வீடு வந்து சேருவதற்குள், அவள் சங்கத்தில் சேர்ந்த செய்தி சைக்கிளில் முந்திக்கொண்டுவிட்டது. அப்பாவின் பக்கத்தில் இருந்த முக்காலி காலியாக இருந்தது.

"ஆலிஸ் எங்க அத்தை?"

"உங்க ஸ்கூல் மதர் ஆள் அனுப்பி இட்டுக்கினு போய்ட்டாங்க. இன்னா பண்ணிட்டு வந்த நீ?"

கிளாடிஸ் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மீதிப் பொத்தான்களைப் போட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. தலைமையாசிரியை மதர் முன்னால் நிற்க, டீச்சர்கள் குழிக்கு அந்தப் பக்கம் ஒரே வரிசையாக நின்றார்கள். பெட்டியை இறக்கியதும் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் கிளாடிஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலிஸ் கடைசியாக வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மண்ணைப் போட்டுவிட்டுக் குழியைச் சுற்றி இந்தப் பக்கம் நாலடி எடுத்து வைத்தாள். கிளாடிஸ் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். ஆலிஸ் திரும்பி மதரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே வரிசைக்குப் போய்விட்டாள்.

சாமியார் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். கிளாடிஸ் பழைய இடத்துக்கு நகரவில்லை. ஜெபம் முடியும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டே நின்றாள்.