மூன்றாவது கையெழுத்து

பதினெட்டு வருஷமாக எங்கள் தெருவில் தேனீ வளர்த்தது நான் ஒருத்திதான். அர்டிஸ் என்ற என் பெயரை மறந்தவர்கள்கூட ‘தேன்காரி வீடு’ என்றால் வழி காட்டுவார்கள். மினசோட்டாவில் சின்ன ஊர் எங்களுடையது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்கு ரெனாட்டா குடிவந்தாள். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள், முப்பது வயதுகூட இருக்காது. பனி உருகியதும் அவளுக்கும் தேனீ ஆசை வந்தது.

நகரசபை விதிப்படி ஒரு கொல்லைக்கு இரண்டு தேனீப் பெட்டிதான். வேலியிலிருந்து பத்தடி தள்ளி வைக்கவேண்டும், அருகில் தண்ணீர் வேண்டும், ஒட்டியுள்ள மூன்று வீட்டாரும் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வீட்டார் போட்டுவிட்டார்கள். மூன்றாவது நான்.

படிவத்தோடு ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று படிவத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். தேனீக்கள்மேல் எனக்கென்ன வருத்தம்? என் வயிறு எரிந்தது என் கணவர் வெர்லினால். என் பெட்டிகள் பக்கம் எட்டிப்பார்க்காத மனிதர், இரண்டு சனிக்கிழமை நின்று அவளுக்குப் பெட்டி இழைத்துக் கொடுத்தார். அவர்கள் சிரிப்பது என் சமையலறை வரை கேட்டது. திங்கட்கிழமை, இன்னொருவர் தேனீக்கும் தெருவில் பூ போதாது என்று காரணம் எழுதி, சம்மதமில்லை என்று படிவத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூனில் என் பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து பறந்தது. போய் இறங்கியது ரெனாட்டாவின் காலிப் பெட்டியில். அவளே வந்து கதவைத் தட்டினாள்.

“உங்க ஆளுங்க என் வீட்டுக்கு வந்துட்டாங்க. எனக்குத்தான் அனுமதி இல்லையே. வந்து எடுத்துக்கிறீங்களா?”

குரலில் குத்தலே இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிந்தது.

எடுத்துவந்தேன். ஆனால் என்னிடம் ஏற்கெனவே இரண்டு பெட்டி. மூன்றாவதை யாருக்காவது கொடுத்தாகவேண்டும்.

“ஒரு கையெழுத்தப் போட்டு அவகிட்டயே குடுத்துடேன்” என்றார் வெர்லின்.

“ஏன், அந்தப் பக்கம் போக உங்களுக்கு இன்னொரு சாக்கு வேணுமா?”

 அவர் சொன்னார்: “உன் பெட்டிகிட்ட என்னை என்னைக்காவது கூப்பிட்டிருக்கியா? அந்தப் பொண்ணு கூப்பிட்டா.”

முப்பது மைல் தள்ளி ஒரு பண்ணைக்காரரிடம் கூட்டத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒருநாள்கூட அவரைக் கூப்பிட்டதில்லைதான்.

செப்டம்பரில் கையெழுத்து விதியையே எடுத்துவிட நகரசபை கூடியது. ரெனாட்டாவும் எழுந்து பேசினாள். தன்னைத் தடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். விதி போனது.

இந்த வசந்தத்தில் அவளும் தேனீ வாங்கினாள். மே மாதம் பெட்டியில் ராணித் தேனீயைக் காணோம் என்று என்னைத் தேடி வந்தாள். வெர்லினையும் வரச்சொல்லி, கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது தேனடையிலேயே ராணியைக் காட்டிக்கொடுத்தேன். அவள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். தேனீ கொட்டாமலிருக்க முகத்தில் வலை போட்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.