நீல முகத்துப் பெட்ஃபோட்

மண்டபத்து வாசலில் ஹோர்ன் கேட்டபோது நான் உள்ளே வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கரகரப்பு, பிறகு தொண்டையைத் திறந்து ஒரு நீண்ட கூவல். பேர்லின் நொய்கெல்னில் அப்படி ஒரு சத்தம் கேட்க நியாயமில்லை. என் கையிலிருந்த ஈரத்துணி இலையின் நடுநரம்பில் அப்படியே நின்றுவிட்டது.

என் மகள் தேனுஜா ஓடிவந்தாள். "அம்மா, தியாகு மாமா லொறியைக் கொண்டந்திட்டார். நிப்பாட்டக் கூடாத இடத்தில விட்டிருக்கிறார். ரோட்டால போற சனம் முழுக்கப் படம் எடுக்குது."

"வரட்டும்" என்றேன். நான்தான் ஓம் என்று சொல்லியிருந்தேன். என் கணவர் இறந்த முப்பத்தோராம் நாள் அன்று அவருடைய படத்துக்கு மாலை போட்டு லொறியின் முகப்பில் வைக்க வேண்டும், வருகிறவர்கள் அங்கேயே பூப்போட்டுவிட்டு உள்ளே வரட்டும் என்று தியாகராசா கேட்டபோது, நான் மறுக்கவில்லை. என் கணவர் செல்வரட்ணம் தன் கடைசிப் பன்னிரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அந்த லொறிக்குக் கீழேதான் படுத்துக் கழித்தார். செத்த மனிதனுக்குப் பிடித்ததைப் படைப்பதுதானே வழக்கம்.

தியாகராசா எங்கள் முதலாளியின் மகன். ஊரில் அவன் என்னைக் கண்டதில்லை, ஜேர்மனியில்தான் பழக்கம். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குச் சிவகாமி லொறி சேர்விஸ் என்று ஒரு தொழில் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் கொழும்புக்குப் போகும், சீமெந்தும் மாவும் திரும்பி வரும். ஐந்து லொறிகளில் நாலு கொமரும் லேலண்டும். ஐந்தாவது பெட்ஃபோட். அதை என் கணவர் ஓட்டினார். நீலம் பூசிய முகம், மஞ்சள் கோடு, நெற்றிப் பலகையில் 'சிவகாமி துணை'. அந்த லொறி போரில் எங்கோ எரிந்து போனது. பேர்லினில் துப்புரவுக் கொம்பனி நடத்திக் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு தியாகராசா இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் கறள் பிடித்துக் கிடந்த அதே வகைப் பெட்ஃபோட் ஒன்றைக் கண்டுபிடித்து, ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வந்து, பேர்லினுக்கு வெளியே பிராண்டன்பேர்க்கில் ஒரு கொட்டிலில் வைத்து, பழையபடி அதே நீலத்தைப் பூசினான். பழைய வாகனங்களுக்குக் கொடுக்கிற இலக்கத் தகடும் எடுத்துவிட்டான்.

அவனைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். பாரிஸில், லண்டனில், ரொறன்ரோவில். 'பெட்ஃபோட் பெடியள்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு. பெடியள் எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எந்த வருடத்து லொறிக்கு எந்த முகம், யாருடைய லொறியின் பின்பலகையில் மயில் கீறியிருந்தது, ஆனையிறவு வெளியில் எந்த லொறி எதை முந்தியது என்று இரவுபகலாகப் பேசுவார்கள். ஒரு லொறியின் சிக்னல் லைற் செம்மஞ்சளா சிவப்பா என்று தொடங்கிய சண்டையில் இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்த லொறிகளில் மூட்டை ஏற்றிய ஒருவனுடைய பெயரை அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் என் கணவர் 'செல்வம்', முதலாளி கோபமாக இருந்தால் 'டேய்'. ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் 'செல்வண்ணை' ஆனார். அதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. அந்தச் சந்தோசம் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே பாண் விநியோக வான் ஓட்டிக் களைத்து வந்த மனிதர், ஞாயிறு விடிந்ததும் பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் புறப்பட்டுவிடுவார். திரும்பி வரும்போது கையில் ஒயில் மணமும் முகத்தில் ஒரு அமைதியும் இருக்கும். நான் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஊரில் அவர் ஓட்டிய அந்த லொறியைப் பற்றி நான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் 'ஓம்' என்று சொன்னால் நான் அவரோடு வாழ ஏலாது. 'இல்லை' என்று சொன்னால் நான் நம்பப் போவதில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் கண் மூடியபோது முதலில் எனக்கு வந்தது அழுகையில்லை. இனிக் கேட்க முடியாது என்ற நினைப்புத்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே றோட்டால் வெளியேறியது. அன்று காலை முதலாளியின் வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போகும்படி இவருக்குக் கட்டளை. "நான் இறக்கிப்போட்டுத் திரும்பி வந்து உங்களை ஏத்திறன். நீர் உம்மட ஐயாவோட வீட்டிலயே நில்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றேன். முதலாளியின் வீட்டில் அலுமாரிகளைக் கழற்றி ஏற்றப் பின்னேரமாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்துவிட்டது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன என் தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, என் சேலையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டி, உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். மழை. முன்னால் தலைகள், பின்னால் தலைகள். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட எனக்குப் பின்னால் ஒரு ஹோர்ன் கேட்டது. எனக்குத் தெரியாத ஹோர்னா? சனம் விலக, நீல முகம் என் தோளை உரசுகிற மாதிரித் தாண்டிப் போனது. மேலே அலுமாரிகள், தையல் மெசின், கவிழ்த்துக் கட்டிய கதிரைகள், ஒரு ஆட்டுக்கல். ஆட்கள் இல்லை.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்பதுதான் இத்தனை வருடமாக என்னைத் தின்றது. புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. "இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ." அந்தச் சனத்துக்குள் எத்தனை பெண்கள் எத்தனை புருசன்மாரை அதே சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லொறி மெதுவாகத்தான் போனது. ஆனால் நிற்கவில்லை.

என் ஐயா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் செத்துப்போனார். இவர் எங்களைத் தேடிக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தபோது சாம்பல் ஆறிவிட்டது. என் காலடியில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "வீட்டை திரும்பிப் போக விடேல்லை" என்று மட்டும் சொன்னார். லொறியைக் கண்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இலைகளை அடுக்கி வைத்துவிட்டு, வெளியே நின்றவர்களுக்குக் கோப்பி கொண்டுபோனேன். லொறி நடைபாதை ஓரமாக நின்றது. இவருடைய படம் முகப்புக் கம்பியில் கட்டப்பட்டு, இரண்டு பக்கமும் வெள்ளைச் செவ்வந்திச் சரம் தொங்கியது. பெட்ஃபோட் பெடியள் அவர் நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அதே லொறிதான். 'இடப்பெயர்வின்போது எத்தனையோ உயிர்களைச் சுமந்து காத்த சாரதி' என்று உள்ளே ஒரு வரி. காலையில் அதைப் படித்துவிட்டு மூடி வைத்திருந்தேன்.

தியாகராசா வேட்டியோடு மட்கார்டில் சாய்ந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தான். பாரிஸிலிருந்து வந்த தாரகனும் இன்னும் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

"செல்வண்ணை மாதிரி ஒரு சாரதி இனிப் பிறக்க மாட்டான் பாருங்கோ. அரியாலையில எடுத்த லொறி, சாவகச்சேரி மட்டும் ஒரு இடத்தில எஞ்சின் நிக்கேல்லை. அதுவும் பெற்றோல் இல்லாத காலம், மண்ணெண்ணெயில. அந்தச் சனத்துக்குள்ள!"

"பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் குடுத்தா, சும்மா நிண்டு இரைய விட ஏலாதே. செத்துப்போடும்" என்றான் தாரகன்.

"அதுதானே சொல்லுறன். திருப்பி ஸ்டாட் எடுக்கப் பெற்றோல் வேணும். பெற்றோல் போத்தல் என்ர மடியில. அடியில ரெண்டு விரக்கடை கிடக்குது. நான் நடுவில, அப்பா அங்கால. நிண்டா துலைஞ்சம். அதுக்குள்ள நாவற்குழியில ஒரு பகிடி." அவன் முன்கூட்டியே சிரித்தான். "ஒரு பொம்பிளை சைக்கிள் கரியரில ஒரு கிழவனைக் கட்டி வச்சு உருட்டிக்கொண்டு, 'இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ' எண்டு பின்னால ஓடி வருது. செல்வண்ணை கண்ணாடியில பாத்தார். பாத்திட்டு, 'ஐயா, ஆரோ கூப்பிடுகினம், நிப்பாட்டட்டோ' எண்டார். அப்பா விடுவாரோ? 'ஏன்ரா, உன்ர பெஞ்சாதியோ கூப்பிடுறாள்? இஞ்சாருங்கோ எண்டா யாழ்ப்பாணத்து ஆம்பிளையள் எல்லாரும் திரும்ப வேணும். ஒண்டை ஏத்தினா ஊர் முழுக்க ஏறும், ஓட்டு' எண்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். தாரகன், "உங்கட அப்பாவின்ர வாய்க்கு முன்னால ஆர் நிக்கிறது" என்றான். என் தட்டிலிருந்து ஒருவர் கோப்பி எடுத்தார்.

"தம்பி, அது என்ன சைக்கிள்?" என்று கேட்டேன்.

இந்த மாதிரிக் கேள்விகள் அவனுக்குப் பிடிக்கும். அந்த எஞ்சினின் ஆறு சிலிண்டரும் எந்த ஒழுங்கில் வெடிக்கும் என்பதை நித்திரையிலும் சொல்லக்கூடியவன். யோசிக்கவே இல்லை. "பச்சை லேடீஸ் சைக்கிள் அக்கா. கைபிடியில ஒரு மஞ்சள் பை தொங்கினது. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

"அந்தப் பைக்குள்ள என்ர ஐயாவின்ர மருந்து இருந்தது" என்றேன்.

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு முகப்பில் கட்டியிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தபோது அவனுடைய வாய் திறந்தே இருந்தது. யாரோ ஒருவர் சிகரெட் வாங்கப் போகிறவர் போல மெல்ல நழுவினார்.

"அக்கா... நீங்களோ?"

"அவர் கண்ணாடியில பாத்தவர் எண்டனீர். பாத்தவரோ?"

"இல்லையக்கா." உடனே சொன்னான். "மழை. கண்ணாடியில ஒண்டும் தெரிஞ்சிராது. நான் சும்மா, கதைக்கு ஒரு ருசிக்காக..."

"சைக்கிள் பச்சை எண்டனீர்."

"அது... நான் எட்டிப் பாத்தனான். அண்ணை பாக்கேல்லை. சத்தியமாப் பாக்கேல்லை அக்கா."

"அப்ப 'நிப்பாட்டட்டோ' எண்டு கேட்டது ஆர்?"

அவன் வேட்டித் தலைப்பால் மட்கார்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். இத்தனை வருடமாக அந்தக் கதையை எத்தனை மேசைகளில் சொல்லியிருப்பான். அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருப்பான். அவரும் கொட்டிலில் லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருப்பார். கேட்டு என்ன செய்தார்? கூடச் சிரித்தாரா? இதை அவனிடம் கேட்கலாம். அவன் சொல்வதை இனி நம்ப முடியாது. என்னிடம் இருந்த ஒரே சாட்சி, எனக்கு இரங்கி, என் கண் முன்னாலேயே பொய்சாட்சியாகிவிட்டது.

தட்டைத் தாரகனின் கையில் கொடுத்துவிட்டுப் படத்தைக் கழற்றப் போனேன். கம்பியில் கறுப்புப் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கியிருந்தார்கள். நகம் மடங்கியது. தியாகராசா உதவிக்குக் கையை நீட்டினான்.

"தொடாதையும்" என்றேன்.

தேனுஜா கத்தரிக்கோலோடு வந்தாள். "ஏனம்மா கழட்டுறீங்கள்? எல்லாரும் பூப்போட வருவினமே?"

"மழை வரும்போல கிடக்கு."

அவள் ஒரு முகிலும் இல்லாத வானத்தைப் பார்த்தாள். பிறகு தியாகராசாவைப் பார்த்தாள். நாடாவை வெட்டினாள். செவ்வந்திச் சரத்தில் ஒன்று அறுந்து சில்லுக்குக் கீழே விழுந்தது. அதை நான் எடுக்கவில்லை.

"கல்வெட்டு குடுக்கட்டோ?" என்று உள்ளே வரும்போது கேட்டாள்.

"கல்வெட்டுப் பெட்டியை உடைக்க வேண்டாம்."

படையலுக்கு முன்னால் படத்தைச் சாத்தி வைத்தேன். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, இவருக்குப் பிடித்த பாகற்காய்ப் பொரியல். எல்லாம் போட்டாகிவிட்டது. நான் போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். சனம் எழுந்து நின்றது. என் கண் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனது.

தியாகராசா உள்ளே வரவுமில்லை, லொறியை எடுத்துக்கொண்டு போகவுமில்லை. தெருவால் போன ஒரு ஜேர்மன் பெண் தன் சின்ன மகளோடு நின்று லொறியைக் காட்டி அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிச் சாரதி ஆசனத்தில் இருத்தினான். எத்தனையோ பழைய வாகனக் கண்காட்சிகளில் செய்த பழக்கம், கைகள் தாமாகவே செய்தன. பிள்ளைக்கு ஸ்டியரிங்குக்கு மேலால் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அது இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பத் தொடங்கியது. தாய் நடைபாதையில் பின்னுக்குப் போய் கைப்பேசியை உயர்த்தினாள். படம் எடுக்கப் பிள்ளை இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

"லீனா!" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்கே கேட்டது. "லீனா! லீனா!"

பிள்ளை முன்னால் இருந்த வெறும் தெருவைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே இருந்தது.