பட்டன் வைத்த போன்

முல்லைத்தீவில் கேட்டார்கள், இல்லை. வவுனியாவில் கேட்டார்கள், அங்கும் இல்லை. கடைசியில் வீரகத்தியரும் மகள் ஜெயரூபியும் கிளிநொச்சிக் கடையொன்றில் வந்து நின்றார்கள். அவர் கேட்டது அப்படியொன்றும் பெரிய பொருளில்லை. அமத்துவதற்குப் பட்டன் இருக்க வேண்டும், வாட்சப்பும் வேலை செய்ய வேண்டும். போர்க்காலத்தில் ஷெல் விழுந்து இரண்டு கண்ணும் போன மனுசனுக்கு வேறு எந்தப் போன் சரிவரும்?

"முந்தி அப்பிடி ஒண்டு வந்தது ஐயா. இப்ப வாறேல்லை," என்ற கடைக்காரன் சுதாகரன், சாதாரண பட்டன் போன் ஒன்றை அவர் கையில் வைத்தான். ஐந்தாம் இலக்கத்தின் மேலிருந்த சின்னப் புள்ளியை விரல் உடனே கண்டுபிடித்தது. அவர் முகம் மலர்ந்தது. ஜெயரூபி அந்தப் போனை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள்.

"அதிலை வாட்சப் வராதப்பா. குவைத்திலை நான் வேலை செய்யப்போற வீட்டு மேடம் சிம் போட விடமாட்டாவாம். பகல்லை அவா நித்திரை கொள்ளேக்கை, வீட்டு வைபையிலைதான் கோல் எடுக்கலாம்."

நாளைக்கு அவளுக்குக் குவைத்துக்குப் பிளேன். அவள் போனால் வீட்டில் அவர் தனி. சோறு கொண்டுவரும் பக்கத்து வீட்டுக் கமலாசனியும் பகலெல்லாம் வயலில்தான். போகாவிட்டாலோ, அரைகுறையாய் நிற்கும் வீட்டுக்குக் கூரையுமில்லை, அவளுக்குக் கலியாணமுமில்லை.

சுதாகரன் டச் போனை எடுத்தான். "பச்சை வட்டத்தை மேலை இழுக்க வேணும் ஐயா."

இழுத்தார். வழுவழுத்த கண்ணாடியில் எது பச்சை, எது சிவப்பு என்று பாழாய்ப்போன விரலுக்கு என்ன தெரியும்? ஜெயரூபி தன் போனிலிருந்து எடுக்க எடுக்க அழைப்பு அறுந்துகொண்டே போனது. அவள் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான் போகேல்லை அப்பா."

"விசர்க்கதை கதைக்காதை. நீ பக்கத்திலை நிக்க எனக்குக் கை பதறுது. வெளியிலை போய்க் கோல் எடு பாப்பம்."

அவள் வீதிக்குப் போனாள். போன் அடித்தது. வீரகத்தியர் அதைச் சுதாகரன் பக்கம் நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒருக்கா எடுத்து விடுங்கோ."

அவன் இழுத்துவிட்டுப் போனை அவர் காதில் வைத்தான்.

"பிள்ளை! பாத்தியே, எடுத்திட்டன்!"

அவள் குழந்தை மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாசலாலும் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது.

சுதாகரனுக்கு மனம் கேட்கவில்லை. "இனி ஆர் ஐயா எடுத்துத் தாறது?" என்றான் மெல்ல.

வீரகத்தியர் மகளுக்குக் கேட்காதபடி போனின் கீழ்ப்பக்கத்தைக் கையால் பொத்தினார்.

"பொறுங்கோ தம்பி. பிள்ளை சிரிக்கிறாள். அதைக் கேட்டு முடிக்கிறன்."