சண்டை போடாத சாதா ஈக்கள்

தாடை வலித்தது. காதுக்குக் கீழே ஆரம்பித்த வலி கழுத்து வழியாக இறங்கித் தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து ஆய்வகத்தில் அவள் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஈ உறிஞ்சியதற்குக் கிடைத்த கூலி. குழாயின் நடுவில் வலைத்துணி அடைத்திருக்கும். ஈ வாய்க்குள் வராது. வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "படிச்சுப் படிச்சுக் கடைசியில ஈ திங்கப் போனியா?" என்று அண்ணன் சிரித்ததுதான் மிச்சம்.

மயக்க வாயு கொடுத்து அள்ளிப் போட்டால் வேலை சுலபம். ஆனால் மயங்கி எழுந்த ஈ சண்டை போடாது. அடி வாங்கிய குடிகாரன் மாதிரி சுவரோரம் நிற்கும். அவளுக்கு வேண்டியதோ சண்டை. ஆகவே ஒவ்வொன்றாக உறிஞ்சி, கட்டைவிரல் நகம் அகலமுள்ள வட்டக் குழிக்குள் ஊதிவிட வேண்டும். அந்தக் குழிக்கு ஆய்வகத்தில் 'கோதா' என்று பெயர். நடுவில் ஒரு துளி பழக்கூழ், அதன்மேல் தலை வெட்டிய ஒரு பெட்டை ஈ. தலை போனாலும் பெட்டை நின்றபடி இருக்கும், ஓடாது. இரண்டு ஆண்களை உள்ளே விட்டால் கூழுக்கும் பெட்டைக்குமாக அடித்துக்கொள்ளும். முதலில் சத்தமில்லாமல் இறக்கையை விறைப்பாகத் தூக்கும். அப்புறம்தான் பின்னங்காலில் எழுந்து எதிரிமேல் விழும்.

மூளையில் ஒரு சின்னக் கொத்து நரம்பணுக்களில் மட்டும் ஒரு மரபணுவை அடக்கி வைத்த ஈக்கள் அவளுடையவை. அப்படி எதுவும் செய்யாத ஈக்கள் 'சாதா'. சாதாவைவிட அவளுடைய ஈக்கள் மூன்று மடங்கு அடித்துக்கொண்டன. அவளுடைய பட்டமும், அடுத்த வேலையும், அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அம்மா எழுதி முடித்து அனுப்பத் தயாராக வைத்திருந்த கட்டுரையும் அந்த மூன்று மடங்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் ஒரு வாழ்க்கையும் அதில் தொங்கியது.

அப்பா மூட்டை தூக்கினார். அண்ணன் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறான். இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது. அப்பா அம்மாவை அடித்தார். அண்ணன் அண்ணியை அடிக்கிறான். ஆய்வு முடிவு வந்த புதிதில் தலைகால் புரியாமல் அவள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்: கோபத்துக்கு மரபணு இருக்கு, நான் பார்த்துட்டேன். அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் அண்ணியே கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்க அண்ணன் சொல்றது நிஜமா? அது ரத்தத்துலயே இருக்காம்ல? நீயே மெஷின்ல பார்த்தியாமே?"

"பரம்பரைக்கும் பங்கு இருக்கு அண்ணி."

"அப்ப அவர்தான் பாவம் என்ன பண்ணுவார்" என்றாள் அண்ணி. அண்ணனை விட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையை அன்றே அவிழ்த்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

இன்று ஈக்களைத் தனித்தனியாக வைக்கும் கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோனது. தோளைப் பிசைந்துகொண்டே கழுவுமிடத்துக்குப் போனாள். அங்கே சிக்கனம் நின்றிருந்தார். அவளுக்கு மூத்த ஆய்வாளர். ஈக்களின் மோப்பம் பற்றி ஆராய்கிறவர். தூக்கிப் போட வேண்டிய கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கழுவி அடுக்குவதால் வந்த பெயர் அது. ஆய்வகம் மொத்தத்துக்கும் சாதா ஈக்களைப் பொறுக்கித் தருவது அவர் பங்கு வேலை.

"சார், குழாய் இருக்கா?"

"குழாய் குழாய்னு ஏன் உயிரை வாங்குற? நான் மட்டும் மிச்சம் பிடிக்கலைன்னா நீ எப்பவோ நடுத்தெருவுல நின்னிருப்ப."

"என்னத்த மிச்சம் பிடிச்சீங்க?"

"உன் சாதாப் பசங்களைத்தான். பிறந்ததுமே ஆளுக்கு ஒரு குழாயா? அதுங்க என்ன மாப்பிள்ளையா, தனி ரூம் குடுக்க? எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல வளர்த்துட்டு, நீ கேக்குறதுக்கு முதல் நாள் தனித்தனியாப் பிரிச்சு வைப்பேன். உனக்கே தெரியாதுல்ல?" பெருமையாகச் சிரித்தார்.

தோளைப் பிசைந்த அவள் கை நின்றுபோனது.

"என்ன ஆச்சு?"

"எப்பலருந்து சார்?"

"ஆரம்பத்துலருந்தேதான். சாதா ஈதானே, அதுல என்ன இருக்கு?"

அதில்தான் எல்லாம் இருந்தது. கூட்டை உடைத்து வெளியே வந்ததிலிருந்து தனியாகக் கிடக்கும் ஆண் ஈ மூர்க்கமாகச் சண்டை போடும். கும்பலோடு வளர்ந்தது அடங்கிப்போகும். சண்டை ஈயைத் தொடுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். அவளுடைய ஈக்கள் பிறந்ததிலிருந்து தனிக் குழாயில் கிடந்தவை. சாதாக்கள் பாட்டிலில் தோளோடு தோள் உரசி வளர்ந்தவை. இரண்டையும் கோதாவில் இறக்கிவிட்டு, மரபணு மரபணு என்று இவ்வளவு காலம் தாடை வலிக்க எண்ணியிருக்கிறாள்.

சிக்கனத்தைக் கெட்ட வார்த்தையில் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. மனிதர் பாவம், குழாயைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

யாரிடமும் சொல்லாமல் மறுபடி வளர்த்தாள். இந்த முறை சாதாக்களையும் பிறந்த கையோடு அவளே தனித்தனியாகப் பிரித்தாள். கோதாவில் விட்டாள். சாதாக்கள் இறக்கையைத் தூக்கின. எழுந்தன. விழுந்து புரட்டின. அவளுடைய ஈக்களுக்கு ஒரு மயிரளவும் குறையவில்லை. மூன்று மடங்காவது, வெங்காயமாவது.

நடந்ததைக் கேட்டுவிட்டு, பேராசிரியர் அம்மா புதுச் சண்டை வீடியோவைக் கடைசிவரை பார்த்தார்.

"நீ ஏன் அப்பவே பார்க்கல?"

"சாதா ஈயெல்லாம் குழாயில தனித்தனியாத்தான் இருந்துச்சு மேடம்."

"இருந்துச்சு. எப்பலருந்து இருந்துச்சுன்னு கேட்டியா?"

அதை அவள் கேட்டதேயில்லை.

"கட்டுரையை நிறுத்துறேன். முதல்லருந்து பண்ணு. அவரை இனிமே ஈப் பக்கமே விடாத." வீடியோவை மூடினார். "கத்தணும்போல இருக்கு. யாரைப் பார்த்துக் கத்துறதுன்னுதான் தெரியல. போ."

கட்டுரையை நிறுத்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போன பேச்சை எப்படி நிறுத்துவது? ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணன் வேலைக்குப் போகாத நாள் என்பதை மறந்து, அண்ணியின் எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது அண்ணன்.

"என்ன பாப்பா, ஈயெல்லாம் சௌக்கியமா?"

"அண்ணிகிட்ட குடு."

"சமைக்கிறா. என்கிட்ட சொல்லு."

சொன்னாள். கணக்கு தப்பு, மரபணு இல்லை, வளர்த்த விதம் மாறிப்போச்சு என்று. பாட்டில், குழாய் எல்லாம் சொன்னாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டான். பிறகு உற்சாகமானான்.

"அட, அதானே! தனியாக் கிடந்தா வெறி பிடிக்கும். நான் சின்ன வயசுலருந்து சைட்டு சைட்டாத் தகரக் கொட்டாயில தனியாத்தானே கிடந்தேன்? என் கதையேதான் இது!"

தாடை மறுபடி இறுகியது. கொம்பைப் பிடுங்கிப் போட்டால் வாலைப் பிடித்துக்கொள்கிறான்.

"அண்ணா, நீ ஈ இல்ல."

"என்ன சொன்ன?"

"நீ ஈ இல்லன்னு சொன்னேன். யாரை அடிக்கிறோம்னு ஈக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வேலையில மேஸ்திரி திட்டினா கையைக் கட்டிட்டுத்தானே நிக்கிற? வீட்டுக்கு வந்தா மட்டும் எங்கருந்து வருது?"

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அவளுக்கு அந்த அமைதி தெரியும். சின்ன வயதில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது. அப்பாவின் குரல் இறங்கும். அப்புறம்தான் கை எழும்.

"சரி" என்றான் அண்ணன், மெதுவாக. "இதை உங்க அண்ணிகிட்டயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடுறேன். நானும் கேக்குறேன்."

கரண்டி வைக்கும் சத்தம். செருப்பில்லாத கால் நடந்து வரும் சத்தம்.

"சொல்லு பாப்பா" என்றாள் அண்ணி. "ஏதோ சொல்லணும்னியாமே? உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்கார்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லலாம். சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிடுவாள். அண்ணிக்கு அப்படி வைத்துவிட்டுப் போக இடமில்லை. அந்த அறையில் அவனோடு அண்ணி மட்டும் இருப்பாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. குரலே சரியில்ல உனக்கு."

அண்ணன் சிரிப்பது கேட்டது. போன் நின்றது.

அதன்பின் அந்த எண் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. புதிய குழாய்களில் சாதா ஈக்கள் ஆளுக்கொரு அறையில் வளர்கின்றன. முதல் தொகுதி ஈக்களை எண்ணி முடித்து விடுப்புக் கிடைத்ததும் பஸ் ஏறவேண்டும்.

அண்ணிக்கு அவள் ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கிறாள்: நான் சொன்னது தப்பு அண்ணி, அது ரத்தம் இல்ல, அவன் கை. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.