உண்மை என்று வைத்துக்கொண்டால்

மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸ் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை அவனுக்கு. "சும்மா நிறுத்தி வச்சிருந்தேன் சார், யாரோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்று யாராவது சொன்னால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பம்பரைத் தடவ ஆரம்பித்துவிடுவான். பட்டறைகளில் அவனுக்குப் பெயரே சந்தேகம் சார்தான். அவன் சந்தேகப்பட்டது பாதி நேரம் சரியாகவும் இருந்து தொலைத்தது. அதனால் அந்தக் குணம் முற்றிப்போனது.

அந்த வாரம் தம்பி போன் செய்தான். இதே ஊரில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். அறை கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் தங்கலாமா என்று கேட்டான்.

"குடிய விட்டுட்டேன்ணா. ஒரு வருஷமாச்சு."

"யாரு பாத்தா?"

"நான் மட்டும்தான்ணா பாத்தேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். யோசிக்க என்ன இருந்தது? இதே வாக்குறுதியை முன்பும் கேட்டு ஏமாந்தவன் அவன். ஒருமுறை அண்ணன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போன தம்பி, பஸ் ஸ்டாப்பில் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற குழந்தையை மனைவிதான் தேடிக் கண்டுபிடித்தாள்.

இதற்கு நடுவில் அவனுக்கு நாற்பது வயதில் சட்டம் படிக்கும் ஆசை வேறு. நுழைவுத் தேர்வுப் பயிற்சியில், பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதி நன்றாகத்தான் வந்தது, ஒரே ஒரு வகைக் கேள்வியைத் தவிர. 'பின்வருவனவற்றில் எது, உண்மை என்று வைத்துக்கொண்டால், ஆசிரியரின் வாதத்துக்கு அதிக வலு சேர்க்கும்?' தலைகீழாக நின்றாலும் அது மட்டும் தப்பாகவே போனது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மாதிரித் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எதிரே மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் அவள். வாயைப் பிளந்துகொண்டு ஜனங்கள் உளறுவதையே புரிந்துகொள்கிறவள். தாளை இழுத்துப் பார்த்தாள்.

நகரத்துத் தேன்கூடுகளில் தேன் அதிகம், அங்கே பல வகைப் பூக்கள் இருப்பதுதான் காரணம் என்பது ஆசிரியரின் வாதம். 'வயலோரங்களில் பல வகைப் பூச்செடிகளை நட்டதும் அங்கேயும் தேன் பெருகியது' என்ற விடையை அவன் அடித்துவிட்டு, ஓரத்தில் 'யார் அளந்தது?' என்று எழுதியிருந்தான். 'நகரத்தில் பல வகைப் பூக்கள் உள்ளன' என்பதற்கு டிக் போட்டிருந்தான்.

"நீங்க டிக் போட்டது ஆசிரியரே சொன்னதுதானே? சொன்னதையே திருப்பிச் சொன்னா பலம் எங்கேருந்து வரும்? அத எதுக்கு அடிச்சீங்க?"

"நம்பற மாதிரி இல்லையே."

"உங்கள நம்பச் சொல்லி யார் கேட்டா? அது உண்மைன்னா இவர் வாதம் நிக்குமான்னுதான் கேக்கறாங்க. வேற எடத்துலயும் பூ வந்ததும் தேன் கூடுச்சுன்னா, பூதான் காரணம்னு சொல்றது இன்னும் நல்லா நிக்குதுல்ல?"

"பொய்யா இருந்தா?"

"அது வேற கேள்வி. அத யாரும் உங்களக் கேக்கல."

தாளைத் திரும்ப வாங்கி அடுத்த கேள்வியைப் போட்டுப் பார்த்தான். அதன்பிறகு அடுத்தடுத்து எல்லாம் சரியாக வந்தன. துள்ளிக் குதிக்க வேண்டியவன் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷம் தன்னந்தனியாகப் போராடி மீண்டு வந்தவனிடம் சாட்சி கேட்டோமே என்று தோன்றியது.

"தம்பி சொன்னது உண்மையா இருந்தா?" என்றான்.

மனைவி உரிப்பதை நிறுத்தவில்லை. "பாப்பாவ அவரோட தனியா அனுப்ப மாட்டேன்."

"சரி."

"அப்ப வரச் சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தான். பாதியாக இளைத்திருந்தான். கதவு திறந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல், "மோந்து பாத்துக்கோண்ணா" என்று தானாகவே அண்ணன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தான்.

அண்ணனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படியா ஒரு தம்பியைப் பழக்கி வைத்திருந்தான்!

"வாய மூடுடா" என்று இழுத்துக் கட்டிக்கொண்டான். மூக்கு தன் வேலையைப் பார்க்கத் துடித்தது. தம்பியின் தோளில் முகத்தை வைத்திருந்த அவ்வளவு நேரமும் அவன் மூச்சை அடக்கிக்கொண்டே நின்றான்.